பெஸ்ட் இங்கிலீஷ் ஸ்பீக்கர்

மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு ஜூன் மாதம் சட்டம் வந்தது. அதைப் பிரின்சிபால் மேடம் ஆசிரியர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் தமிழில் விளக்கினார். முக்கியமான விஷயம், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது அல்லவா.

என் நான்காம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஆளுக்கொன்று. இடைவேளையில் எல்லாவற்றையும் கலந்தடித்து ஏதோ ஒன்று பேசுவார்கள். சண்டை, சமாதானம், பென்சில் இரவல் எல்லாம் அதில் தடங்கலின்றி நடந்தன. அதைத்தான் ஒழிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வழி சொன்னேன். வகுப்புத் தலைவியிடம் ஒரு நோட்டு இருக்கும். வேறு மொழியில் வாய் திறந்தவர்களின் பெயர் அதில் ஏறும். மாதக் கடைசியில் யார் பெயர் மிகக் குறைவாக வந்திருக்கிறதோ அவருக்கு 'பெஸ்ட் இங்கிலீஷ் ஸ்பீக்கர்' பேட்ஜ். கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒடியாப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. படப்பையிலிருந்து வேனில் வருவாள். எந்த மொழியிலும் ஒரு வார்த்தை கிடையாது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். அவளை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க என் கவலை.

மாதக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் இருந்தவளிடம் தமிழில் மெல்லத் தண்ணீர் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவி உடனே பேனாவைத் திறந்தாள். இந்த ஒரு தடவை எழுதாதே என்று அவள் காதில் சொன்னேன்.

விளைவு, நோட்டில் பெயரே ஏறாத ஒரே பிள்ளை அவள்தான். மேடத்துக்குப் பரம திருப்தி. ஆட்சேபித்தால் என் நோட்டு யோசனையே அபத்தம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை பிரேயரில் பேட்ஜைக் குத்தினார்கள். அதோடு தண்ணீர் கேட்பதும் நின்றது.

இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் கற்றுக்கொண்ட தமிழில் பேசினார்.

"வீட்ல கூட ஒடியா பேசறதில்ல மிஸ். எது கேட்டாலும் பேட்ஜ காட்டுது. நல்லா படிக்குதுல்ல?"

முகம் முழுக்கப் பெருமை. தப்பு என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் பக்கம் குனிந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், பேட்ஜ் போதும், அதை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவோடு பேசு என்று கை நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் பேட்ஜைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நோ மிஸ்" என்றாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் ஆங்கிலம் அது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.