கடிதத்துக்குக் காத்திருந்த விரல்கள்

யுத்த காலத்தில் மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் தலைமை எழுதுவினைஞன். சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு பொருந்தப் போட்டிருந்த மாக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் பாதி மடங்கியபடி நின்றன. விரிக்கவும் முடியவில்லை, பொத்தவும் முடியவில்லை.

"கைக்கு வேலை குடுத்துப் பழக்கிற தொழில்வழிச் சிகிச்சை உடனே தொடங்கவேணும். விட்டால் இப்படியே இறுகிப்போகும்" என்றார் டொக்டர். பேனா பிடிக்க முடியாத எழுதுவினைஞனை எந்தச் சுற்றறிக்கையும் காப்பாற்றாது.

ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சைக்கு ஆள் இல்லை. விசாரித்ததில், தேவாலய வளவில் பொய்க்கால் பொருத்தும் நிலையத்தில் ஒருத்தி இருப்பது தெரிந்தது. ஓலைத்தொடுவாய்க் கிராமத்துப் பெண், கொழும்பில் படித்துப் பட்டம் பெற்றவள்.

வேறொருவர் என்றால் அன்றே போயிருப்பார். எனக்கோ கொழும்புக் கம்பனி ஒன்றின் வைத்தியக் காப்புறுதி இருந்தது. முன்னனுமதி பெறாத சிகிச்சைக்கு ஒரு சதமும் கிடையாது என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கந்தோரில் அதை வாசித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே, இவரை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டு மூன்று பிரதிகளில் கொழும்புக்குக் கடிதம் போனது. மனைவி எழுதினார்; நான் இடது கையால் ஒப்பமிட்டேன்.

அந்த நாட்களில் கொழும்புக் கடிதம் தான் நினைத்த நேரத்தில்தான் வரும். ஐந்து கிழமை போயிற்று.

"இஞ்சேருங்கோ, கடிதம் வாறதுக்குள்ள கை மரக்கட்டையாப் போயிடும்" என்றார் மனைவி.

"எதுக்கும் ஒரு முறை இருக்கப்பா."

"அப்ப அந்த முறையிட்டையே சோறு குழைச்சுத் தரச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் என் பொத்தாத கையைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஒய அத்தே மொனவாத?"

கையில் என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான். ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். உயிர் போய் வந்தது. ஆனால் சுட்டுவிரல் அரை அங்குலம் கூடுதலாக நிமிர்ந்திருந்தது! நேரே தேவாலய வளவுக்குப் போனேன்.

அவள் கையைப் புரட்டிப் பார்த்தாள். "ஐயா, இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

காப்புறுதி விவகாரத்தை விளக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாங்கள் இஞ்ச ஒருத்தரிட்டையும் காசு வாங்கிறேல்லையே ஐயா. கேட்டிருக்கலாமே?"

கேட்கவில்லை. பதிவு எண்ணைக் கேட்க நினைத்தேன், தகைமையைக் கேட்க நினைத்தேன். கட்டணம் உண்டா என்பது மட்டும் என் பட்டியலில் இல்லை.

"சரி, ஆமிக்காரன் தொடங்கிவச்சிட்டான். மிச்சத்தை நான் பாக்கிறன். வீட்டில இடியப்பம் ஆர் பிழியிறது?"

"மனுசி."

"இண்டையிலயிருந்து நீங்கள்."

மாக் குழைத்தேன், இடியப்ப உரலைப் பிழிந்தேன், ஈரத்துணி முறுக்கினேன், கடலையைப் பயறிலிருந்து பொறுக்கினேன். முதல் வாரத்து இடியப்பத்தை மனைவி கோழிக்குப் போட்டார். மூன்றாம் மாதம் விரல்கள் முழுதாக மடங்கின, பேனா பிடியில் நின்றது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து பதில் வந்தது. சிகிச்சையாளர் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளார், பற்றுச்சீட்டுகளை அனுப்பவும். பற்றுச்சீட்டு இல்லை, கோரிக்கையை மீளப்பெறுகிறேன் என்று என் சொந்தக் கையால், மூன்று பிரதிகளில், அழகாக எழுதி ஒப்பமிட்டேன்.

இரண்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. ஒப்பம் முன்னைய கடிதத்திலுள்ள ஒப்பத்துடன் பொருந்தவில்லையாம்.

அதை இடியப்ப உரலுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். கை சுகமானதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.