பாட்டிலில் கிழிக்காத காகிதம்

பிள்ளைகளா, விராலிமலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது நடந்தது இது. ஐம்பதுகளின் கடைசி. நீங்களெல்லாம் சிறுசு.

அப்போது மருந்துக்கு வருகிறவர்களே பாட்டில் கொண்டுவர வேண்டும். மிக்ஸ்சர் என்கிற குடிக்கிற மருந்து என்றால், ஓரத்தைப் பல் பல்லாக நறுக்கிய காகிதம் ஒன்றைப் பாட்டிலில் ஒட்டித் தருவோம். ஒரு பல் மட்டம் குடித்தால் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்.

அன்று சந்தை நாள். வாசல் தாண்டி வரிசை. காலையிலிருந்து நின்று கால் மரத்துப்போயிருந்தது. மூட்டுவலி என்று ஒரு அம்மா வந்தார். தேய்க்கிற தைலம் எழுதியிருந்தார் டாக்டர். இருமலுக்கு வாங்கிப்போன பழைய பாட்டிலையே அந்த அம்மா நீட்டினார். கழுவியிருந்தார், ஆனால் பல் வெட்டிய காகிதம் அப்படியே ஒட்டியிருந்தது. கிழிக்க வேண்டும் என்று நினைத்தேன். "அண்ணே, பஸ் போயிரும்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தைலத்தை ஊற்றி, முகத்தைப் பார்க்காமலே "தேய்ங்க" என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தைலத்தை ஒரு பல் அளவு குடித்திருக்கிறார். வாய் வெந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"தேய்க்கிறதை யாருய்யா குடிக்கச் சொன்னது?" டாக்டர் அந்த அம்மாவின் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தப்புதாங்கய்யா" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

நான் வாயை மூடியிருந்தால் அதோடு போயிருக்கும். வேலை போனால் உங்களுக்குக் கஞ்சி ஏது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வீட்டுக்காரர் கையில் அந்தப் பாட்டில் இருந்தது, பல் வெட்டிய காகிதத்தோடு.

"காகிதத்தைக் கிழிக்காம விட்டது நாந்தாங்க" என்றேன்.

"இதுக்கு முன்னாடியும் விட்டிருக்கியா?"

"தெரியலீங்க."

டாக்டர் ஒரு வெற்று நோட்டை எடுத்துத் தந்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். அன்றிலிருந்து பழைய காகிதத்தைச் சுரண்டாமல் எதையும் ஊற்றுவதில்லை. தேய்க்கிற மருந்துக்குப் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல். இனி எது தவறினாலும் அந்த நோட்டில் ஏற வேண்டும்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். குரல் மட்டும் கரகரத்துப்போனது. அடுத்த மாதம் வந்து பாட்டிலை நீட்டினார்.

"தம்பி, இன்னைக்குக் குடிக்கவா, குளிக்கவா?"

வரிசையே சிரித்தது. நான் நூலைக் கட்டினேன்.

"இதை அன்னைக்கே கட்டியிருந்தா எந் தொண்டை தப்பிச்சிருக்கும்ல?"

"ஆமாங்கத்தா."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அடுத்த பாட்டிலை வாங்கி, காகிதத்தை நனைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.