சஃப்னாவின் பாடங்கள்

பல்கலைக்கழகத் தொலைக்கல்வி மாணவர்களுக்கு விரிவுரைகளை நேரலையில் ஒளிபரப்பி, பிறகு அவற்றைச் சேமித்து வைப்பது என் வேலை. வரிப்பத்தான்சேனை ஊரைச் சேர்ந்த சஃப்னாதான் எப்போதும் முதலில் இணைந்து ஸலாம் எழுதுவாள். சில வாரங்களாக அவளைக் காணவில்லையே என்று அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவளுடைய உம்மா பேசினார்.

"மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா தம்பி. நெல்லு வெட்டுற மெஷின்ல மருமகன்ட கை போயிட்டு. இனி அவருக்கு வயல் செய்ய ஏலா."

"அங்கயிருந்தும் பாடம் பார்க்கலாமே, உம்மா?"

"வெள்ளிக்கிழமையில கொஞ்ச நேரந்தான் போன் குடுக்கிறாங்களாம். பாடத்தை மட்டும் அழிச்சிராதங்க எண்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னா."

இணையத்தில் ஏற்றிவிட்டால் பாடம் எல்லோரையும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். பிறகு இடமில்லாமல் பழைய பதிவுகளை அழித்தபோதும், அவள் தவறவிட்ட பாடங்களில் நான் கைவைக்கவில்லை. அவளுடைய கணக்கிலிருந்து அவற்றை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்தாலும் படிப்பாளா என்பது எனக்குத் தெரியாது.