இரண்டு முள்ளும் ஏறியிருந்த நாள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. சந்தவாசலில் கூலிவேலை செய்த பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து, ஆரணியில் ஐஸ் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்து, தங்கைகள் இருவரையும் கரையேற்றினார். அந்தத் தங்கைகளில் மூத்தவளான நான் கடையில் போன் எடுப்பேன். ஆள் இல்லாத நாளில் கூடவே வேலைக்கும் போவேன்.

ஐஸ் கட்டவில்லை என்றால் உடனே கேஸ் ஏற்றுபவர்கள் உண்டு. அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. முதலில் அழுத்தம் காட்டும் இரண்டு கேஜையும் மாட்டுவார். இரண்டிலும் அழுத்தம் குறைந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் சூடு வெளியே போக வழியில்லை என்பார். முள் நிலைக்கு வரும்வரை யாராவது வாய் திறந்தால் முறைப்பார்.

சேவூரில் மீன் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் கூப்பிட்டார். மெஷின் ஓடி ஓடி நின்றுவிடுகிறது, கம்ப்ரசர் போய்விட்டதாக வேறொரு மெக்கானிக் சொல்லிவிட்டார், புதிதாக மாற்றத் தெம்பில்லை, கடையை மூடவேண்டியதுதான் என்று கலங்கினார்.

அண்ணன் கேஜை மாட்டினார். இரண்டு முள்ளும் ஏறியிருந்தன. பின்தகட்டைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முழுக்கப் பட்டுப் பிசிறு கம்பளிபோல் அப்பியிருந்தது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பட்டுநூல் முறுக்கும் கூடம். நல்ல காற்று வரும் என்று மெஷினை அந்த ஜன்னலோரம் வைத்தவரே அண்ணன்தான்.

"சொல்லிடாதண்ணா, பேரு கெட்டுடும்" என்று அவர் காதோரம் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கம்ப்ரசர் நல்லாத்தான் கீதுக்கா. தப்பு என்னுதுங்க. இங்க வெச்சது நான்தான்" என்றார்.

"நீ சொல்லலன்னா எனக்கு இன்னா தெரியப்போவுது தம்பி?"

"உங்களுக்குத் தெரியாதுன்றதாலதான்கா சொன்னேன்."

எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அவரோ பிசிறை எல்லாம் எடுத்து, மெஷினை எதிர்ச்சுவருக்கு மாற்றி, முள் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினார். இப்படி ஒருவருடன் பிறந்தேன் என்பதில் இன்று எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சமில்லை. அதை அவரிடம் சொல்லாமல் விட்டேனே என்பதுதான் தீராத வருத்தம்.

சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்திருந்த மாதங்களில் இரத்தம் கொடுத்தவர்களுக்கும், வேலூருக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

கடையை இப்போது நான் நடத்துகிறேன். அண்ணன் வைத்த மெஷின் எதிலாவது குறை தெரிந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். தப்பு எங்களுடையது என்றால், நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்வேன்.