வெளியாள்

நூம்பலில் எங்கள் அடுக்ககத்துக் கைவினைச் சந்தையில் நான் தைத்த துணிப் பொம்மைகளைப் பரப்பி உட்கார்ந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து வந்த வார்னிஷ் வாடை என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் சமூகக்கூடத்துக்கு இழுத்துப் போனது.

இப்போது இடித்துவிட்ட அந்தக் கூடத்தில்தான் தொழிற்சாலைக் குடும்பத்துப் பெண்கள் வருடந்தோறும் தங்கள் கைவேலைகளை வைப்பார்கள். காகிதப் பூக்கள் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்தி, வியர்வையும் பசையும் வார்னிஷும் சேர்ந்து புழுங்கும் அந்த அனலில், முட்டை ஓடுகளை ஒட்டி அம்மா செய்த மயிலுக்குப் பின்னால் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். வாசலில் நிழலாடினால் போதும், "வெளியாளான்னு பாருடி" என்பாள் அம்மா. வெளியாள் எப்படி வருவார்? பெரிய கேட்டிலேயே காவலாளி, "கையில பாஸ் கீதா? இல்லாட்டி அப்பால போ" என்று திருப்பிவிடுவார்.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் மயிலை வாங்குவார், பதிலுக்கு அம்மா அவருடைய ஒயர் கூடையை வாங்குவாள். அதுதான் அங்கே மரியாதை. எங்கள் பரண் கூடைகளால் நிறைந்தது, அவர்கள் சுவர் மயில்களால். அவர்கள் கதவு திறந்திருந்தால், அந்த மயில்கள் கண்ணில் படாதபடி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

இன்று ஏசி ஓடுகிறது, கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது. என்னைப் பார்க்க வந்த தோழி கேட்டிலிருந்து போன் செய்தாள்: "ஆப்ல பேரு வர்ல, உள்ள உட முடியாதுன்றாரு."

எதிர் வீட்டுக்காரி என் பொம்மை ஒன்றை எடுத்தாள். "நான் வாங்காம வேற யாரு வாங்குவா?"

சிரித்தேன். அவள் செய்த சோப்பில் இரண்டு எடுத்துக்கொண்டேன். போன வருடம் வாங்கியதையே இன்னும் பிரிக்கவில்லை.