இருபதாம் படி

இது கதை இல்லை. நடந்தது. நடந்த இடம் தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு. நாள், ஜூன் 15, 2025, ஞாயிறு. நள்ளிரவும் இல்லை, அமாவாசையும் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி, வெளியே நல்ல வெயில். அங்கே குடியிருக்கும் எப்சி அன்றைக்கே நேரம் போட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இது எழுதப்படுகிறது. மலையின் பெயர் மட்டும் இதில் இராது. அதை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

லடாக்கில், ரோடு முடிந்த இடத்திலிருந்து மூன்று நாள் நடந்தால் வரும் மலை அது. ஆறாயிரம் மீட்டருக்கு மேல். பனியைவிட அங்கே காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும் என்பார்கள். எப்சியின் அண்ணன் ஜெபின் போன வருஷம் ஜூன் 19 அன்று அதன் முகட்டில் தொலைந்துபோனான். தவறி விழுந்துவிட்டான் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லிலேயே அவன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். பெயர் இருக்கிறது. கீழே அவன் இல்லை.

அதே மலைக்கு இந்த வருஷம் எப்சி கிளம்பிக்கொண்டிருந்தாள். சாதனைக்காக அல்ல. அண்ணன் கடைசியாக நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நின்று, அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். பர்மிட் வந்துவிட்டது. அவனைக் கூட்டிப்போன அதே வழிகாட்டி தோர்ஜேயிடம் பேசியாகிவிட்டது. 26-ஆம் தேதி விடிகாலை ஃப்ளைட். ஹால் முழுக்கச் சாமான்: கையுறை, பனிக் கண்ணாடி, ஐஸ் கோடாரி, கயிறு. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஞானஜோதி சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தன அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். பத்தலையா உனக்கு?"

"வந்துடுவேன்மா."

"அவனும் அதத்தான் சொன்னான்."

மணி 5:20. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. எப்சி பையை முதுகில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பையில் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். மலைக்குப் பழக வேண்டுமே! ஞாயிறு தவறாமல் பக்கத்துப் பச்சைமலைக்குப் போக முடியாது. அதனால் மாடிப்படி. ஒரு மாடிக்கு இருபது படி. அண்ணனும் தங்கையும் இரண்டு வருஷம் இப்படித்தான் ஏறினார்கள். ஜெபின் முன்னால், எப்சி பின்னால். அவன் சத்தமாக எண்ணுவான். முதல் படியை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டான். அனகாபுத்தூரில் அப்பா அரிசிக் கடை வைத்திருந்தபோது படியால் அளக்கையில் சொன்ன மாதிரி, 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பான். லாபம், ரெண்டு, மூணு... "அதுவும் படி, இதுவும் படிதானே குள்ளி" என்று சிரிப்பான்.

இருபதில் நிற்பான். பின்னாலிருந்து எப்சி 'வந்துட்டேன்' என்று சொன்னால்தான் அடுத்த படியில் கால் வைப்பான். மலையில் காற்றடிக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது, குரலைத்தான் நம்ப வேண்டும் என்பது அவன் கணக்கு.

கேட்டில் வாட்ச்மேன் சம்பந்தம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா, லிப்ட் கீற வூட்ல மூட்டை தூக்கினு ஏர்ற?"

"கரண்ட் இல்லண்ணா."

"கீறப்போ மட்டும் லிப்ட்ல போய்ட்டியாக்கும்!"

மணி 5:31. ஏற ஆரம்பித்தாள், மலையில் போல ஒரு படிக்கு மூன்று மூச்சு விட்டு.

முதல் மாடி. ஒன்றும் இல்லை. வழக்கம்போல அந்த போன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

போன வருஷம் ஜூன் 6, விடிகாலை 4:10. ஏர்போர்ட் வாசலிலிருந்து ஜெபின். "எங்கடி இருக்க?" "தோ, வந்துட்டேன்ணா. நீ உள்ள போ." அப்போது அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில், தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை தயாராகப் பக்கத்திலேயே இருந்தது. நம் ஊரில் இன்னும் குளிக்காதவன்கூட போனில் 'தோ வந்துட்டேன்' என்பான். ஜெபினுக்கும் அது தெரியும். ஆனால் எப்சி சொன்னால் அது படிக்கட்டு வார்த்தை. நம்பி உள்ளே போனான். விமானம் ஏறும்வரை பார்த்துவிட்டு, 'அடுத்த ஃப்ளைட்ல வா, வெயிட் பண்றேன்' என்று மெசேஜ் அனுப்பினான்.

லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். அவனிடமும் அதையேதான் சொன்னாள்.

லீவு கிடைத்திருந்தது. அவளுக்குப் பயம்.

இரண்டாம் மாடி. மணி 5:38. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. ஜூன் மாதத்துத் தாம்பரத்தில், காலையிலிருந்து வெயிலில் காய்ந்த இரும்பு!

ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் மேலே...

ஊ...ஊ...

காற்று.

தண்ணீர் பாட்டில்கள் குலுங்குவதை நிறுத்தக் கொஞ்சம் நின்றாள். பாட்டில்கள் அடங்கின. இன்னொரு சத்தம் அடங்கவில்லை. டிக்... டிக்... டிக்... பையின் இடுப்புப் பட்டை பக்கிள் அடிக்கும் சத்தம். அவளுக்கு முன்னால். மேலே.

யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"...பதினாலு... பதினஞ்சு..."

எப்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இரண்டு மூச்சு. காற்று போதாத மூச்சு.

"...பத்தொம்பது... இருபது."

நின்றது.

பக்கிளும் நின்றது. காற்றுகூட நின்றது.

மணி 5:44. தன்னை அறியாமல் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தாள். அவள் வாயிலிருந்து புகை வந்தது.

இறங்கி ஓட வேண்டும்.

மேலே அவன் காத்திருந்தான்.

ஒரு நிமிஷம்...

இரண்டு நிமிஷம்...

"சொல்லு குள்ளி..."

அழுகையோடுதான் வந்தது எப்சியின் குரல்.

"வந்துட்டேன்ணா."

மணி 5:47.

டிக்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நான்காம் மாடி தாண்டியது. ஐந்தாம் மாடி தாண்டியது. அதற்கு மேல் படியே கிடையாது, மொட்டை மாடிக் கதவுதான். சத்தம் நிற்கவில்லை. மறுபடி லாபம். மறுபடி இருபது. ஆறாம் மாடி... ஏழாம் மாடி... இல்லாத படிகளில் ஏறிக்கொண்டே போய், தேய்ந்து, கேட்காமல் போயிற்று. இந்த முறை அவன் எந்த இருபதிலும் நிற்கவில்லை.

எப்சி ஓடிப்போய் மொட்டை மாடிக் கதவைத் தள்ளினாள். உள்பக்கம் பூட்டு தொங்கியது.

கீழே வந்தபோது சம்பந்தம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மொட்டை மாடிச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

"பாப்பா, தனியாதானே போன? ரெண்டு பேரு ஏர்ற சத்தம் கேட்டுச்சே..."

அன்று 7:20-க்கு போன் வந்தது. தோர்ஜே. வேறொரு குழுவோடு அந்த மலையின் அடிவாரத்தில் இருந்தார். சாட்டிலைட் போன். உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் தமிழ் இது.

"மேடம், போன வருஷம் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். உங்க அண்ணன் தவறி விழல. முகட்டுல இருபது அடி வெச்சு நின்னுட்டார். பின்னாடி பார்த்துக்கிட்டு, யாரோ வரணும்னார். யாருமே இல்லை மேடம், நாங்க எல்லாரும் அவருக்கு முன்னாடி. கயித்தை இழுத்தேன். அசையல. ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதோ சாமி பேருன்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு பேர் செத்துக்கிட்டிருந்தாங்க. அவங்கள இறக்க வேண்டி... விட்டுட்டு வந்தேன்."

எப்சி கட்டிலில் உட்கார்ந்தாள். அதே கட்டில்.

"இன்னைக்கு எங்க வாக்கி டாக்கில அந்த வார்த்தை வந்துச்சு மேடம். பொண்ணு குரல். எங்க குழுல பொண்ணுங்க இல்ல. நான் மணி பார்த்தேன். அஞ்சு நாப்பத்தேழு."

காற்று இரைந்தது. அந்தப் பக்கத்துக் காற்று.

"வந்...துட்...டேன். அது உங்க பாஷைதானே? என்ன மேடம் அர்த்தம்?"

எப்சி கட்டிலின் பக்கத்தில், போன வருஷம் பை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கிளம்பலன்னு அர்த்தம்," என்றாள்.