முப்பத்தேழாம் தட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசி. ஆரணியில் ஒரு பட்டு முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, அதோடு மெட்ராசிலிருந்து என்னையும் வரவழைத்திருந்தார். சேலை டிசைனைக் கட்டம் கட்டமாக அச்சடித்துத் தர வேண்டும், அதைப் பார்த்துத் தறிக்கு அட்டையில் ஓட்டை குத்துவார்கள், டிசைனில் ஒரு வரிக்கு ஓர் அட்டை, தறியில் ஒரு தட்டு. நான் பெரிய மேதை இல்லையா, ஒரு கம்ப்யூட்டர் மொழி போதாதென்று மூன்று வைத்திருந்தேன்: பொம்மை வரைய ஒன்று, துண்டுகளை ஒட்ட ஒன்று, அச்சடிக்க ஒன்று. விளைவு, சேலைக்கு வரைந்த மயிலுக்குக் கால் ஒடிந்தே வந்தது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. நான்கு நாள் தேடியும் பிழை சிக்கவில்லை.

அன்று மத்தியானம் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, இன்னும் நொண்டிகினுதான் நிக்குதா? சாயங்காலம் அட்டை குத்துறவரு வந்துடுவாரு. அதுக்குள்ள சரியாவலன்னா உன்னையும் இந்தப் பொட்டியையும் ஒரே பஸ்ல ஏத்திடுவேன்."

"பொட்டிக்கு ஜன்னல் சீட்டு குடுங்கண்ணே," என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கோ அது முதல் வேலை.

அவர் போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அட்டைகள் ஒரு சுற்று முடிந்ததும் சின்ன நிறுத்தம், மறுபடி டக், டக். நடுவில் மட்டும் ஒரு தட்டு விழவில்லை. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். வேறு வேலை ஓடாததால் விளையாட்டாக எண்ணினேன், நம்பினால் நம்புங்கள், நான்கு சுற்றிலும் முப்பத்தேழாவது தட்டு இல்லை.

என் டிசைனில் முப்பத்தேழாம் வரியைத் தேடினேன். அந்த வரியே இல்லை! பொம்மை வரையும் மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, ஒட்டும் மொழி ஒன்றிலிருந்து. துண்டுகள் சேரும் இடத்தில் இரண்டு மொழிகளுமாக ஒரு வரியை விழுங்கிவிட்டிருந்தன. திருத்தி அச்சடித்தேன். மயில் ராஜா மாதிரி நின்றது.

மயிலைப் பார்த்த முதலாளி டீ வாங்கி வரச்சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு டீ சொல்லுங்கண்ணே, அவரு தறியாலதான் தப்பு கெடச்சுது," என்றேன்.

"எந்தத் தறி? பாவு நூலு தீந்து மூணு நாளாச்சு. வூட்டப் பூட்டிகினு எல்லாரும் தேவிகாபுரம் போயிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். பூட்டு. ஜன்னல் வழியே வெறும் தறி, ஓர் இழைகூட இல்லை.

வேலை நிலைத்தது, அந்த மயில் ஏகப்பட்ட கல்யாணங்களுக்குப் போய் வந்தது, எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துத் தெருச் சத்தம் காற்றில் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பார்த்துவிட்டேன். ஆனால் நான் திருத்தி முடித்த பிறகு வந்த சுற்றில் அந்தத் தறி ஒரு தட்டும் விடாமல் ஓடியது. பிழையோ என் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது, அந்த மயிலுக்கு அதுவரை ஓர் அட்டைகூடக் குத்தவில்லை.